இடப்பக்கத்து எழுத்து

சுகுமாறனுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் பக்கவாதம் வந்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரவாங்குக்கு லோரியில் கண்டெய்னர் ஏற்றிப் போகவேண்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குளியலறைக் கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி மலர்விழி ஓடிப்போய்ப் பார்த்தபோது பிரஷ் இன்னும் வாயிலேயே இருந்தது.

"ஒன்னும் இல்ல மலரு, கால் மரத்துப் போச்சு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தார். பேச்சுக்குப் பழுதில்லை, ஞாபகத்துக்கும் பழுதில்லை. விழுந்துபோன இடது கையும் காலும் பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. தேறாமல் நின்றது ஒன்றுதான். உலகத்துக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடு" என்பார். மலர்விழி தட்டைத் திருப்பி வைத்தால் போதும். வலது கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு குளித்து முடித்து வருவார். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். இதில் கஷ்டமான விஷயம், விட்டுப்போனது அவருக்கே தெரியாது. தெரியாததை எப்படித் தேடுவது?

அவர் தினமும் தமிழ்ப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டுப் படிப்பவர். வீட்டுக்கு வந்த பிறகும் படித்தார். வரிகளின் தொடக்கம் அவர் கண்ணுக்கு வரவில்லை. சொல்லின் முதல் எழுத்தும் பல நேரம் வரவில்லை. ஆனால் வாய் நிற்காது. இல்லாத எழுத்துக்குப் பதிலாகத் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போகும். நாட்டு மருந்து விளம்பரம் ஒன்றை "விருந்து" என்று படித்தார். கண்ணீர் அஞ்சலி அவருக்குத் "தண்ணீர் அஞ்சலி" ஆனது. முதியோரின் தனிமை பற்றிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு "இனிமை" என்றார், முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல். ஒருநாள் கோயில் மண்டபத்தில் 'வெளியே செல்லும் வழி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "செல்லும் மொழி" என்று படித்துவிட்டு அந்தக் கதவு வழியாகவே வெளியே வந்தார்.

மலர்விழி ஓவியக் கலைஞர். எழுத்துகளை வைத்தே வேலை செய்பவள். துணியில், பலகையில், சில சமயம் வெறும் வெளிச்சத்தில் எழுத்தைக் காட்டுவாள். கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தாள். அதன் பிறகு எல்லாம் மலாயும் ஆங்கிலமுமாகப் போய்விட்டது. தமிழ் எழுத்து அவளுக்கு வாசிப்பதற்கானது என்பதைவிட வரைவதற்கானதாக இருந்தது. கேலரிக்காரர்களுக்கு அந்த வளைவுகள் பிடித்திருந்தன. படைப்புக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டை எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சுகுமாறன் அவளுடைய ஒவ்வொரு கண்காட்சிக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்ச நேரம் நிற்பார். "நல்லா இருக்கு" என்பார். பிறகு கீழே போய் லோரிக்குப் பக்கத்தில் நின்று அவளுக்காகக் காத்திருப்பார்.

'செல்லும் மொழி' என்று அவர் படித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் மலர்விழி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து அதை எழுதி வைத்தாள். இருபது வருஷமாக எழுத்தோடு உட்கார்ந்திருந்தும் இப்படி ஒன்று அவளுக்குத் தோன்றியதில்லை. அன்றிலிருந்து அவர் படிக்க உட்காரும்போதெல்லாம் அவளும் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தெரபி நிலையத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆயிஷா முதல் நாளே சொல்லியிருந்தாள். "அக்கா, பேப்பரோட இடது ஓரத்துல செவப்பு டேப் ஒட்டுங்க. அந்தச் செவப்பு தெரியுற வரைக்கும் அண்ணன் தலையத் திருப்பணும். தப்பா படிச்சா உடனே நிறுத்தித் திருத்துங்க. பாவமேன்னு விட்டுறாதீங்க."

முதல் வாரம் மலர்விழி ஒட்டினாள். டேப் இருந்தால் அவர் திணறித் திணறிச் சரியாகப் படித்தார். இரண்டு பத்தியில் களைத்துப்போனார். இரண்டாவது வாரம் டேப் தீர்ந்தது. வாங்கவேண்டும் என்று நினைத்தாள், வாங்கவில்லை. இப்படித்தான் செய்யவேண்டும் என்று அவள் எந்த நாளும் முடிவெடுக்கவில்லை. அவர் சந்தோஷமாகப் படித்தார், அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியை இரண்டு மாதம் கண்காட்சிக்குத் தர ஒருவர் முன்வந்தார். மலர்விழி நோட்டிலிருந்து சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். உடனே சரி என்றார்கள்.

மூன்றாவது மாத முடிவில் ஆயிஷா சுகுமாறனுக்குச் சோதனை வைத்தாள். தாளில் பல கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் புள்ளி வைக்கவேண்டும். அவர் வைத்த புள்ளிகளெல்லாம் வலது கோடியில் கூட்டமாக நின்றன. முதல் மாதம் வைத்த அதே இடத்தில்தான்.

"வீட்டுல திருத்துறீங்கதானே அக்கா?" என்று ஆயிஷா கேட்டாள்.

"ஆமா" என்றாள் மலர்விழி.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுகுமாறன் காரின் வலது ஜன்னலைப் பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தார். சோதனை நன்றாகச் செய்ததாக அவருக்கு நினைப்பு. அடுத்த வருஷம் மறுபடியும் லோரி ஏறிவிடலாம் என்றார்.

மறுநாள் காலை அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். நீங்க பேப்பர தப்பா படிக்கிறீங்க. மூனு மாசமா."

"நான் நல்லாத்தானே படிக்கிறேன்?"

அவள் ஒரு தாளில் பெரிதாக 'மருந்து' என்று எழுதி அவர் முன் வைத்தாள். "விருந்து" என்றார். அவள் அவர் கன்னத்தில் கை வைத்து முகத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சட்டென்று அவர் கண் ஓரிடத்தில் நின்றது.

"மருந்து" என்றார்.

முகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி இடது பக்கம் போனார். போய்ப் போய் வந்தார். வரும்போதெல்லாம் அந்த எழுத்து காணாமல் போனது.

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நீங்க படிச்சது அழகா இருந்துச்சு" என்றாள். நோட்டைப் பற்றிச் சொன்னாள். டேப் வாங்காததைச் சொன்னாள். பிரிக்பீல்ட்ஸ் கண்காட்சியைப் பற்றியும் சொன்னாள்.

அவர் தாளை மடித்து வைத்தார். "எனக்கு சுகமாகறதுக்கு அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்தது உனக்கு அழகா தெரியல" என்றார். குரலை உயர்த்தவில்லை.

இரண்டு நாள் அவர்களுக்குள் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு பேச்சில்லை. மலர்விழி டேப் வாங்கிவந்து வீடு முழுக்க ஒட்டினாள். மேசையில், கதவு நிலையில், அவர் கட்டிலின் இடது சட்டத்தில். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"அந்த நோட்ட எடுத்து வா. என்ன எழுதினன்னு படி."

அவள் படித்தாள். தண்ணீர் அஞ்சலிக்கு அவர் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்தும் முடியவில்லை. வறுமையை ஒழிப்போம் என்ற அமைச்சரின் பேச்சை "பொறுமையை ஒழிப்போம்" என்று படித்திருந்தார். "அதுல தப்பு ஒன்னும் இல்லயே" என்றார். அவளும் சிரித்தாள். பதினோராவது பக்கத்துக்கு வந்தபோது அவள் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"இத நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"படி மலரு."

"இறந்தார்னு போட்டிருந்துச்சு. நீங்க பிறந்தார்னு படிச்சீங்க. வயசு அம்பத்தொம்பதுன்னு பாத்துட்டு, பேப்பர்காரன் கெழவனுக்குப் போயி பொறந்தநாள் வாழ்த்து போட்டிருக்கான்னு சிரிச்சீங்க." அவள் நோட்டை மூடினாள். "பேரும் படமும் இடது பக்கம் இருந்துச்சு. நீங்க பாக்கல. பக்கிரிசாமி அண்ணே."

பக்கிரிசாமி பதினாலு வருஷம் சுகுமாறனின் லோரியில் கெலிண்டானாக, கூடவே போகும் உதவியாளாக இருந்தவர். லோரி ஓட்டுபவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு உயரத்திலிருந்து இடது பக்கம் பாதி தெரியாது. மோட்டார் சைக்கிள் வந்தாலும் தெரியாது. கெலிண்டான்தான் எட்டிப் பார்த்து "கிரி கிளியர்" என்று சொல்லவேண்டும். கிரி என்றால் மலாயில் இடது பக்கம். பக்கிரிசாமி சுகுமாறனைவிடப் பத்து வயது மூத்தவர், வாகன லைசென்ஸ் எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். முழங்கால் வலி வந்து ஜெஞ்சாரோமில் வீட்டோடு இருந்துவிட்டார்.

"எப்போ?"

"நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அஞ்சாவது வாரம். மாரடைப்பு. அந்த நேரத்துல உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. கொஞ்ச நாள் போகட்டும்னு நெனச்சேன். அப்புறம் அதுவும் நோட்டுல ஒரு வரியா போச்சு."

சுகுமாறன் சத்தமில்லாமல் அழுதார். வலது கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடைக்கு வந்தது, அவர் அதைத் துடைக்கவில்லை. மலர்விழி புறங்கையால் துடைத்துவிட்டாள். அவர் தடுக்கவில்லை.

"பதினாலு வருஷம் எனக்காக அந்தப் பக்கத்த பாத்த ஆளு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜெஞ்சாரோம் போனார்கள். செம்பனைக் காட்டை ஒட்டிய சிறிய வீடு. பக்கிரிசாமியின் மனைவி லெட்சுமி வாசலில் வந்து நின்றாள். உள்ளே உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தாள். காரியத்துக்கு வராததைப் பற்றி அவள் கேட்கவில்லை. மலர்விழியே சொன்னாள், தான் மறைத்துவிட்டதாக. லெட்சுமி தலையை மட்டும் அசைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து லெட்சுமி சொன்னாள்: "அவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு தம்பி. உங்க தங்கச்சிதான் கூட இருந்திச்சாம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்னு சுகு சுகுன்னு கூப்ட்டாராம். நீங்க அந்தப் பக்கமா மொகத்த திருப்பிக்கிட்டீங்களாம். வந்து சொன்னாரு. கோவம்லாம் இல்ல. நான் முட்டிவலின்னு வேலய விட்டது அவனுக்கு மனசுல இருக்கு போலன்னு சொன்னாரு. அதான் கொஞ்சம் வருத்தம்."

சுகுமாறன் அவள் குரல் வந்த திசையைத் தேடினார். அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவர் தலையைத் திருப்பினார். நின்றார். இன்னும் திருப்பினார். அவள் முகம் கிடைத்ததும் சொன்னார்:

"நான் அவர பாக்கவே இல்லக்கா. எனக்கு அந்தப் பக்கம் இல்ல. சத்தம் கேட்டுச்சு, எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம இந்தப் பக்கம் தேடியிருப்பேன். அவரத்தான் தேடியிருப்பேன்."

டாக்டர் சொல்லியும், ஆயிஷா சொல்லியும், மலர்விழி தாளில் எழுதிக் காட்டியும் அவர் வாயில் வராத வார்த்தை அது. எனக்கு அந்தப் பக்கம் இல்ல. மலர்விழி டம்ளரைக் கீழே வைத்தாள்.

லெட்சுமி எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப தெரியுதா தம்பி?"

"தெரியுதுக்கா."

"அவருக்கு இது தெரிஞ்சிருந்தா சுத்தி வந்து நின்னுருப்பாரு" என்றாள். பிறகு இருவரும் பழைய ஓட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். செராஸில் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனதை லெட்சுமி ஏற்கெனவே கேட்டிருந்தாள். பக்கிரிசாமி சொன்ன கதையில் லோரியைக் காப்பாற்றியது பக்கிரிசாமி. சுகுமாறன் அதைத் திருத்தவில்லை.

திரும்பி வரும்போது சுகுமாறன் கேட்டார்: "அந்த எக்ஸிபிஷன எப்படி செய்யப்போற?"

"அத நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"நிறுத்தச் சொல்லல. எப்படின்னுதான் கேட்டேன்."

அவள் சொன்னாள். வெள்ளையடித்த ஒரு வெற்று அறை. சொற்கள் சுவரில் இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் மூலையில் மடங்கும். முதல் எழுத்து இடது சுவரில், மிச்சம் எதிர்ச் சுவரில். எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்பவருக்கு 'ருந்து' என்றுதான் தெரியும். முன்னால் என்ன என்று அவர்களே போட்டுக்கொள்வார்கள். சரியான எழுத்தைப் பார்க்க உடம்பை இடது பக்கம் திருப்பவேண்டும்.

அவர் யோசித்தார். "அப்போ வர்றவங்களுக்கெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு என் மாதிரி ஆகிடும்."

"ஆமா."

"செய். ஆனா என் பேரு போடணும். தப்பா படிச்சான்னு போடாத. படிச்சான்னு போடு." கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடி சொன்னார்: "அட்டைய தமிழ்ல எழுது. இருவது வருஷமா உன் எக்ஸிபிஷனுக்கு வர்றேன். நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்கு ஒரு தடவகூட தெரிஞ்சதில்ல."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அது அதிகமாக உறைத்தது.

"இன்னொன்னு. பக்கிரி அண்ணனோடத மூலையில மடக்காத. அத நேரா எழுது. முழுசா."

நான்கு வரி எழுத மலர்விழிக்கு மூன்று நாள் ஆனது. ஆங்கிலத்தில் அவளுக்கு வழுக்கிக்கொண்டு வரும் சொற்களெல்லாம் தமிழில் வந்து நின்றதும் காலியாகத் தெரிந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியதைச் சுகுமாறன் சிவப்பு டேப் ஒட்டிய தாளில், தலையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். 'சொர்களை' என்று எழுதியிருந்தாள். "பெரிய ற" என்றார். கடைசியில் அட்டையில் இருந்தது இதுதான்: 'இங்குள்ள சொற்களைப் படித்தவர் சுகுமாறன். எழுதியவர் மலர்விழி. ஒரு பக்கம் தெரியாத ஒருவருக்கு இன்னொருவர் அந்தப் பக்கத்தைச் சொல்லவேண்டும். நான் சில மாதம் சொல்லாமல் இருந்தேன்.' கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலமும் மலாயும்.

சுவரில் எழுதிய நாட்களில் அவரும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். படியேற அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. அவள் ஏணியில் நின்று எழுத, அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோடு சாய்கிறதா என்று வலது பக்கத்தை மட்டும் பார்த்துச் சொன்னார். கடைசியாக, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், மூலைக்குப் போகாமல், 'பக்கிரிசாமி இறந்தார்' என்று எழுதினாள். அவர் எழுந்து வந்து அதன் முன் நின்றார். மலர்விழி வாயைத் திறக்கவில்லை. அவர் தலை மெதுவாக இடது பக்கம் போனது. ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. மறுபடி போனது. விரலைச் சுவரில் வைத்துப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனார், பெயரின் முதல் எழுத்து விரலில் தட்டும் வரை.

"பக்கிரிசாமி இறந்தார்" என்று படித்தார். பெயிண்ட் காயாததால் விரலில் கறுப்பு ஒட்டியிருந்தது. எழுத்து கொஞ்சம் இழுபட்டுப் போயிற்று. சரிசெய்யட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை மதியம் திறந்தார்கள். கலைஞர்களும் மாணவர்களுமாக முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஆயிஷாவும் வந்தாள். அட்டையைப் படித்துவிட்டு மலர்விழியிடம் வந்தாள். மலர்விழி ஏதோ சொல்லத் தொடங்கியதும், "எழுதிட்டீங்கல்லக்கா" என்று அவள் கையைப் பிடித்தாள். "அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட். டேப்ப எடுத்துறாதீங்க."

நாலு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. கீழே தமிழில் எழுதியிருந்த பலகையைப் பார்த்து ஒருவர் மேலே ஏறி வந்தார். பக்கத்து உணவகத்தில் சமையல் வேலை செய்பவர், சட்டையில் மஞ்சள் கறை. புதுக்கோட்டையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். பெயர் அழகிரி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இங்க என்னண்ணே விக்கிறீங்க?" என்று நாற்காலியில் இருந்த சுகுமாறனைக் கேட்டார்.

மலர்விழி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுகுமாறன் எழுந்துவிட்டார்.

"விக்கல தம்பி. வாங்க, இங்க நில்லுங்க. நேரா பாருங்க. என்ன எழுதியிருக்கு?"

"ழி" என்றார் அழகிரி. கொஞ்சம் யோசித்து, "கோழியாண்ணே?"

"சமையல்காரர்லா" என்று சுகுமாறன் சிரித்தார். "நான் மொழின்னு படிச்சேன். இப்ப அப்படியே இடது பக்கம் திரும்புங்க. தலைய மட்டும் இல்ல, ஆளே திரும்புங்க."

அழகிரி திரும்பினார். "அட, வழி" என்றார். தானாகவே அடுத்த மூலைக்குப் போனார். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் தன்னுடையதைச் சொல்லிவிட்டு, பிறகு திரும்பிப் பார்த்தார். 'தனிமை' என்ற சொல்லில் 'னிமை'யை மட்டும் பார்த்தபோது அவருக்கு எதுவும் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"நீங்க இத என்னன்னு படிச்சீங்கண்ணே?"

"இனிமைன்னு."

அழகிரி சுவரையே பார்த்துக்கொண்டு, "ரூம்ல ஆறு பேரு இருக்கோம்ணே. அவனுங்களயும் கூட்டியாரவா? நாளைக்கு ரெண்டு மணிக்கு மேலதான் ஓய்வு" என்றார்.

"கூட்டிட்டு வாங்க. பத்து மணிக்கே தொறந்துடுவோம். நான் இங்கதான் இருப்பேன்" என்றார் சுகுமாறன்.

மலர்விழி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். நாளைக்கும் சுகுமாறன் வரப்போவதாக அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் கொக்கியைப் போட்டாள்.

அழகிரி இறங்கிப் போனதும் சுகுமாறன் சொன்னார்: "மலரு, நாளைக்கு வீட்டுலேர்ந்து ஒரு காத்தாடி கொண்டாரணும். ஆறு பேரு வந்தா இங்க வேர்க்கும்."

"பெருசா, சின்னதா?"

"பெருசு" என்றார் அவர்.